ராட்டினத்தடியில் பெண் பார்த்த நாள்

பரிபூரணத்துக்குத் தூக்கம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பொருட்காட்சி வேண்டாம், டெல்லி அப்பளம் வேண்டாம், வானத்துக்கும் பூமிக்குமாகச் சுற்றுகிற ராட்டினம் வேண்டவே வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பொருட்காட்சித் திடலுக்கு எதிரே அப்பா பிடித்திருந்த லாட்ஜ் அறையில் ஒரு கட்டில் கிடந்தது. அதில் குப்புற விழுந்து, யாரும் எழுப்பாமல், தானாக விழிப்பு வருகிறவரை தூங்க வேண்டும். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. தீபாவளிக்கு முந்தின மாதம் பூராவும் விடிய விடியத் தைத்தாள். கண்ணை மூடினால் பூப்போட்ட துணிதான் ஓடியது.

ஆனால் அவளைத் தூங்க வைக்கவா கூட்டி வந்தார்கள்? காட்டுவதற்கல்லவா கூட்டி வந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வந்து, கேசரியும் மிக்சரும் தின்று, காப்பியும் குடித்து, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போய்விட்டால், மறுநாள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. சொல்லி அனுப்பவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பொது இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். கோயில் பிரகாரம், ஜவுளிக்கடை, இல்லாவிட்டால் இப்படி ஒரு பொருட்காட்சி. இரண்டு வீட்டாரும் ஏதோ தற்செயலாக வந்தது மாதிரி வருவார்கள். பக்கத்தில் நின்று மழை, வெயில், விலைவாசி எல்லாம் பேசுவார்கள். "நீங்கதானா அது?" என்று மட்டும் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் பெண் பார்த்ததாகிவிடும். கேட்காதவரை எதுவும் நடக்கவில்லை, யாரும் யாரையும் வேண்டாமென்று சொல்லவுமில்லை. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, நல்ல ஏற்பாடுதான். பார்க்கப்படுகிறவளுக்கு மட்டும் எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும்.

பரிபூரணத்தை எத்தனை பேர் பார்த்தாயிற்று என்று அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த வரனைக் கொண்டு வந்த தரகர் சமுத்திரம் அவள் காதுபடவே சொல்லிவிட்டார்: "இதும் தட்டிப் போச்சுன்னா இனிமே ரெண்டாந்தாரமாத்தான் பாக்கணும் அண்ணாச்சி. ஒளிச்சுச் சொல்றதுக்கு என்ன இருக்கு." அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அப்பா அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்பா பெயர் சங்கையா. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் பஞ்சுத் தூசியைத் தின்று தின்று, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டு வந்தவர். வாயைத் திறந்தால் பாதிப் பேச்சு, பாதி இருமல். இந்த முறை அவர் தெருவில் ஒவ்வொருவரிடமும் நின்று நின்று சொல்லிவிட்டு வந்தார், பிள்ளை உழைத்து உழைத்து ஓய்ந்து போனாள், இரண்டு நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று. ஆண்டாள் கோயில், பொருட்காட்சி, முடிந்தால் செண்பகத்தோப்பு. அவர் சொன்னதை முதலில் கேட்டபோது பரிபூரணம் ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள். மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். பொறவு தரகர் போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதும் வெளிச்சமாகிவிட்டது.

பெண்ணின் போட்டோ போயிற்றே தவிர மாப்பிள்ளை போட்டோ வரவில்லை. ஆம்பிளைக்கு எதற்கு போட்டோ என்றார் சமுத்திரம். ராஜபாளையத்துப் பையன், மில்லில் ஃபிட்டர், தங்கமான குணம், கூட அம்மா மட்டும்தான். சாயங்காலம் ராட்டினத்து டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்பார்கள். அந்த அம்மாவுக்கு வெயில் ஆகாது, கையில் குடை இருக்கும், அதுதான் அடையாளம். இப்படிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

வந்து இறங்கின மறுநாள் காலையில் லாட்ஜுக்குக் கீழே டீக்கடை ரேடியோ சொன்னது, வங்கக் கடலில் புயல், தென் மாவட்டங்களில் பலத்த காற்றும் கனமழையும் என்று. மலையைப் பார்த்தால் மலையைக் காணோம். செண்பகத்தோப்புப் பக்கம் பூராவும் கறுத்துக் கிடந்தது. சங்கையா கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை.

"புயல் மெட்ராசுக்குத்தான் போகும். எப்பவும் அங்கதான போகுது. நம்ம பக்கம் என்ன இருக்குன்னு அது வரப்போகுது?"

அம்மா வேலுத்தாய் ஒயர்க்கூடையை எடுத்துக்கொண்டு கீழே போய் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நாலு ரொட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தாள். லாட்ஜ் வாளியிலும் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஜன்னல் கொக்கி ஆடுகிறதென்று பழைய துணியைக் கிழித்துக் கட்டினாள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதென்ன அபசகுனம் என்று அப்பா எரிந்து விழுந்தார். வரன் வந்தாலும் வராட்டாலும் ராத்திரி வயிறு பசிக்கும் என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியைக் கூடைக்குள் பத்திரப்படுத்தினாள். பரிபூரணம் கட்டிலைப் பார்த்துக்கொண்டே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் திடலுக்குள் நுழைந்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கூட்டம் குறைவுதான். ஆனால் வந்திருந்த ஒருவர் விடாமல் எல்லோர் கையிலும் குடை. தூறல் சாய்ந்து சாய்ந்து அடித்துக்கொண்டிருக்கிறது, குடை இல்லாமல் எவன் வருவான்? சங்கையா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடையாளம் கேட்டதற்கு இப்படியா வந்து வாய்க்க வேண்டும். கடைசியில் டிக்கெட் கவுண்டரை ஒட்டி ஓர் அம்மாவும் மகனும் நிற்பதைக் கண்டுபிடித்தார். மகனுக்கு முப்பத்தைந்து இருக்கும், நல்ல உடம்பு, சிரித்த முகம். அப்பாவுக்கு அங்கேயே மூச்சு வாங்குவது நின்றுவிட்டது.

முறைப்படி மழையில் ஆரம்பித்தார். அவர்களும் மழையைப் பற்றியே பேசினார்கள். ஆண்டாளைக் கும்பிட வந்தோம், வந்த இடத்தில் இதையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று நுழைந்தோம் என்றாள் அந்த அம்மா. சங்கையா மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தற்செயலாக வந்தது மாதிரிப் பேசத் தெரிந்தவர்கள், பண்பான குடும்பம் என்று அர்த்தம். அந்த அம்மா பேச்சோடு பேச்சாக, கையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தைப் பாதியாகக் கிள்ளி, "வெறுந்தலையா இருக்கக் கூடாதும்மா" என்று பரிபூரணத்தின் தலையில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான். பூ வைத்தாயிற்று. சங்கையாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. இருமுகிற சாக்கில் துடைத்துக்கொண்டார்.

பரிபூரணத்துக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஏற இறங்கப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை, தையலில் என்ன வருமானம் என்று கேட்கவில்லை. சரி, முடிந்தால் முடியட்டும் என்று நினைத்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்த நிம்மதி.

அந்நேரம் மைக் கரகரத்தது. புயல் இரவுக்குள் கரையைக் கடக்கும், பொருட்காட்சி இத்தோடு நிறுத்தப்படுகிறது, பொதுமக்கள் வீட்டுக்குப் போகவும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்கும் அணைந்துவிட்டது. காற்று வேறு திசையிலிருந்து வந்தது. அப்பளக் கடைத் தகரம் ஒன்று எழும்பி, திடலின் குறுக்கே உருண்டு போய் மரணக் கிணற்றுப் பலகையில் மோதியது. ஜனம் சிதறி ஓடியது.

ராட்டினத்துக்காரர் மாரிச்சாமி தொண்டை கட்டிப்போன குரலில் கத்தினார். ராட்டினத்துப் பெட்டிகளைக் கழற்றி இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்கு ராட்டினமே சாயும், சாய்ந்தால் ரோட்டு மேல்தான் விழும். அவருடைய ஆட்கள் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், கை பற்றவில்லை. அந்த மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போனான். மாப்பிள்ளை போகும்போது மாமனார் நிற்பாரா? சங்கையாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஒரு பெட்டியைத் தூக்கினார். தூக்கின வேகத்திலேயே இருமல் பிடித்துக்கொண்டது, ஆளை இரண்டாக மடக்கிவிட்டது. பரிபூரணம் ஓடிப் போய் அவரை உட்கார வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

பிடித்தவள் பிடித்தவள்தான். ஒவ்வொரு பெட்டியாகக் கழன்று வந்தது. மறுபக்கம் பிடித்தவன் அந்த மகன். பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது, ஜடை அவிழ்ந்தது, முட்டுவரை சகதி. பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு கோலமா என்று வேலுத்தாய் தூரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கும்போது அவன் சாதாரணமாகச் சொன்னான்: "நேத்தே சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருக்கணும்க்கா. வீட்டுக்காரி நிறைமாசமா இருக்கா. இது முதப் பிரசவம், அதான் ஆண்டாளுக்கு வேண்டிக்கிட்டுப் போவோம்னு அம்மா கூட்டியாந்துட்டாக. என் பேரு கண்ணுச்சாமி. நீங்க எந்த ஊருக்கா?"

அக்கா! பரிபூரணம் அவனையே பார்த்தாள். சங்கரன்கோவில். வீட்டுக்காரி. நிறைமாசம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையாகிவிடும் போலவும் இருந்தது. தளவாய்புரம் என்று மட்டும் சொன்னாள். தலையில் இருந்த மல்லிகைப்பூ தானாகக் கனத்தது.

திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் எங்கிருந்தோ டீ வாங்கி வந்து கண்ணுச்சாமியின் அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்றார். அவர் அப்படி நிமிர்ந்து நின்று அவள் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டு அவளிடம் வந்து, காதோடு சொன்னார்: "தாயி, அம்புட்டும் நல்லபடியா முடிஞ்சிரும் போலருக்கு. சொக்கத் தங்கமான மனுசங்க. நீ ஒண்ணும் கவலப்படாத."

"சரிப்பா" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அப்பாமேல் பாவமாக இருந்தது. தன்மேலும் இருந்தது. இப்போது சொன்னால் அவர் இந்த மழையில், இந்தச் சகதியில் உட்கார்ந்துவிடுவார். செத்த நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும், பொறவு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். உண்மையான மாப்பிள்ளை வீட்டார் எங்கே இந்த மழையில் வரப்போகிறார்கள்? ரேடியோ கேட்கிற எவரும் வரமாட்டார்கள். வராமல் போனால் அவளுக்கு நல்லதுதான். இனி யாரும் பார்க்க மாட்டார்கள். ரெண்டாந்தாரம் என்று யாராவது வந்தால் அப்போது முடியாதென்று சொல்லிவிட்டு மிஷினுக்கே போய்விடலாம்.

சங்கரன்கோவில் பஸ் நின்றுவிட்டதென்று யாரோ சொன்னார்கள். ரோட்டில் புளியமரம் சாய்ந்து கிடக்கிறதாம். கண்ணுச்சாமியின் அம்மா தவித்துப் போனாள். சங்கையா நெஞ்சை நிமிர்த்தினார். எதிரே லாட்ஜில் ரூம் இருக்கிறது, மெழுகுவர்த்தி இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, பிடித்து வைத்த தண்ணீர் இருக்கிறது, அம்மா கட்டிலில் படுக்கட்டும், நாங்கள் வராண்டாவில் இருந்துகொள்கிறோம் என்றார். காலையில் எரிந்து விழுந்த மனிதர் இப்போது ஒவ்வொன்றையும் தானே வாங்கி வைத்தவர் மாதிரிப் பெருமையடித்தார். வேலுத்தாய் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பரிபூரணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் வருத்தம். அவளுடைய கட்டிலும் போயிற்று.

கழற்றின பெட்டிகளையும் ஜெனரேட்டரையும் ஒரு பெரிய தார்ப்பாயால் மூடிக் கட்டுகிற வேலை பாக்கி இருந்தது. ஒரு மூலைக் கயிற்றை அப்பளக் கடைத் தங்கபாய் பிடித்திருந்தாள், இன்னொன்று பரிபூரணம் கையில். விட்டால் தார்ப்பாய் பறந்துவிடும். நீங்கள் போங்கள், கட்டிவிட்டு வருகிறேன், லாட்ஜ் இந்தா எதிரேதானே என்று சொல்லி அவர்களை அனுப்பினாள். கண்ணுச்சாமி தன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். சங்கையா அவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டே நனைந்து போனார்.

இருட்டத் தொடங்கியது. மாரிச்சாமி தார்ப்பாயின் அந்தப் பக்கம் குனிந்து முளை அடித்துக்கொண்டிருந்தார். கயிறு பரிபூரணத்தின் உள்ளங்கையை அறுத்தது. அப்போதுதான் திடலின் வாசல் வழியாக இரண்டு பேர் வந்தார்கள்.

ஓர் அம்மா, ஒரு மகன். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். குடை காற்றுக்குத் திருப்பிக்கொண்டு கம்பிகள் பிய்ந்து தொங்கின. அப்படியும் அதை விடாமல் பிடித்திருந்தாள். மகன் தலைமுடி முன்னால் கொட்டிப் போன ஆள், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தான். அடைத்துக் கிடந்த டிக்கெட் கவுண்டருக்கு நேரே வந்து இருவரும் நின்றார்கள். அங்குமிங்கும் பார்த்தார்கள். அவன் பார்வை பரிபூரணத்தின் மேல் பட்டு, நிற்காமல் தாண்டிப் போனது. அந்த அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, குனிந்து பார்த்து, மறுபடியும் ஒளித்துக்கொண்டாள். கவருக்குள் ஒரு போட்டோ. தளவாய்புரத்து ஸ்டுடியோவில், வரைந்த அருவிக்கு முன்னால், அரை டப்பா பவுடரோடு நிற்கிற பரிபூரணம்.

வந்துவிட்டார்களே!

முகத்தைத் தார்ப்பாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேசாமல் இருந்தால் போதும். அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். யாரும் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. இந்த வழக்கத்தில் அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. அவளுக்கு நிற்கவே சீவன் இல்லை, இதில் இன்னொருமுறை போய் யார் கண் முன்னால் நிற்பது?

"வரமாட்டாகன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் அந்த அம்மா. "புயலுக்கு எவன் வருவான். வா, ராஜபாளையம் பஸ்ஸும் நின்னுரும்."

"செத்த நேரம் நிப்போம்மா" என்றான் மகன். அலுத்துப்போன குரல். "அந்தப் பொண்ணு நனைஞ்சுக்கிட்டு வந்து நின்னு, நாம இல்லாமப் போனா பாவமில்லையா. அதுக்கும் இது எத்தனாவது எடமோ."

பரிபூரணத்தின் கை தளர்ந்துவிட்டது. கயிறு ஒரு முழம் வழுக்கி ஓடி, தார்ப்பாய் படபடவென்று எழும்பியது. எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டாள். இத்தனை பேர் வந்து பார்த்துப் போனார்களே, நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருத்தன் நினைத்ததுண்டா? நினைத்து, வாயைத் திறந்து சொன்னதுண்டா? திரும்பினாள்.

"நீங்க பாக்க வந்த பொண்ணு நாந்தான்" என்றாள். "தளவாய்புரம். சங்கையா மக பரிபூரணம்."

யாரும் கேட்கக் கூடாததை, யாரும் சொல்லக் கூடாததை, அவளே சொல்லிவிட்டாள். அந்த அம்மா போட்டோவை வெளியே எடுத்தே விட்டாள். அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"போட்டோல வேற மாதிரில்ல இருக்கு."

"அது பவுடரு. நான் இப்படித்தான் இருப்பேன். பாத்துட்டு, பிடிக்கலைன்னா இங்கயே சொல்லிருங்க. சொல்லி அனுப்புறோம்னு மட்டும் சொல்லாதிய. எனக்கு ஒக்கார முடியல, நிக்க முடியல."

அந்த ஆள் சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வந்து, அவள் கையைத் தொடாமல், கைக்கு மேலே கயிற்றைப் பிடித்தான்.

"விடுங்க. நான் பிடிக்கேன். எம் பேரு தவசிமுத்து."

அவள் விட்டாள். கை அப்படியே மரத்துப் போய் விரிந்தது. தார்ப்பாயின் ஓரத்துக்கு அடியில் ராட்டினத்துப் பெட்டி ஒன்று நிமிர்ந்து கிடந்தது, உள்ளே சீட்டு நனையாமல் இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். அந்த அம்மா செருப்பையும் பிய்ந்த குடையையும் கீழே போட்டுவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எதையோ கேட்கப்போகிறாள் என்று பரிபூரணம் காத்திருந்தாள். எத்தனை பவுன், என்ன படிப்பு, ஏன் இத்தனை நாள் தட்டிப் போச்சு. அந்த அம்மா முந்தானையைப் பிழிந்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். கைக்கு அகப்பட்ட மல்லிகைச் சரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நசுங்கிப் போயிருக்கிறதே என்று சொல்லி, நீவி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

முளை அடிக்கிற சத்தம் கேட்டது. தவசிமுத்துவும் மாரிச்சாமியும் ஏதோ பேசுகிற சத்தம். பொறவு அதுவும் தூரமாகப் போனது. தலை தானாகச் சாய்ந்தது, எதன்மேல் சாய்ந்தது என்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

எவ்வளவு நேரமோ, அப்பாவின் இருமல் பக்கத்தில் கேட்டது. டார்ச் வெளிச்சம் இமைக்கு மேல் வந்து விழுந்தது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, கொஞ்சம் பயந்த குரலில் கேட்டார்: "யாரு நீங்க? எம் மகள எதுக்கு..."

தோள்மேல் கிடந்த அவள் தலையை அந்த அம்மா அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"வெளிச்சத்த அங்கிட்டுத் திருப்புங்க அண்ணாச்சி" என்றாள். "பிள்ள தூங்குது."

பரிபூரணம் கண்ணைத் திறக்கவில்லை.